நின்னதே தெரியல

அவனை எல்லாரும் ‘பிரேக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக் கணக்கில் மட்டும்தான் இருந்தது. பிரேக் வேலையைத் தவிர வேறெதையும் கையால் தொடமாட்டான். இன்ஜினில் சத்தம் என்று யாராவது வந்தால், “ஓடாத வண்டிய ஓட வைக்கிறவன் அடுத்த தெருவுல இருக்கான். ஓடுற வண்டிய நிறுத்துறதுதான் என் வேலை” என்று வாசலோடு அனுப்பிவிடுவான். அப்படி ஒரு கர்வம்.

அந்தக் கர்வத்தை ஊருக்குக் காட்ட அவன் ஒரு வழி வைத்திருந்தான். சிக்னல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் வேகத்தைக் குறைக்கமாட்டான். கோடு வரைக்கும் போய் ஒரே மிதி. வண்டி மூக்கைக் குத்தி, பின்பக்கத்தைத் தூக்கி, நச்சென்று நிற்கும். பக்கத்தில் இருப்பவருக்கு உயிர் தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பும். “பாத்தீங்கல்ல? இதுக்குப் பேருதான் பிரேக்கு” என்பான். வெளிறிய முகத்தோடு அவர்களும் தலையாட்டுவார்கள். ஆட்டாமல் என்ன செய்வது, வண்டிச் சாவி அவன் கையில் அல்லவா இருக்கிறது!

ஒர்க்‌ஷாப் இரண்டு வண்டி நிற்கும் அளவுதான். முன்பக்கம் கண்ணாடி வைத்த சின்ன ஆபீஸ் அறை, பின்பக்கக் கதவைத் திறந்தால் வீடு. ஆபீஸ் அறையில் அவன் மனைவி உட்கார்ந்திருப்பாள். போன் எடுக்கவும் பில் போடவும் வந்தவள்தான். பழைய கார்களில் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது என்று ஆட்கள் வரத் தொடங்கியபோது, வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் பழைய ஸ்கேனர் ஒன்றை வாங்கி, அதைக் குடைந்து குடைந்து அவளே கற்றுக்கொண்டாள். அவனுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. “எனக்குக் கால் சொல்லும்” என்பான்.

ஏபிஎஸ் ஒன்றும் பெரிய மந்திரமில்லை. சக்கரத்துக்கு ஒன்றாகச் சுண்டுவிரல் பருமனில் நாலு சென்சார். ஒவ்வொன்றும் தன் சக்கரத்தோடு சுற்றும் ஒரு பல் வளையத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிரேக் பிடிக்கும்போது ஏதாவது ஒரு சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டால், அந்தச் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். அப்போது மிதி காலடியில் கரகரவென்று நடுங்கும். ஈரச் சாலையில் உயிரைக் காப்பாற்றும் சங்கதி அது. வண்டிக்கு வயதானால் அதுவே தலைவலி.

அந்தத் தலைவலியைப் பிடிக்க இருவரும் சேர்ந்து ஒரு முறை வைத்திருந்தார்கள். அவன் ஓட்டுவான். அவள் பக்கத்து சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு நாலு சக்கரத்தின் வேகத்தையும் வாய்விட்டு வாசித்துக்கொண்டே வருவாள். “நாப்பது, நாப்பது, நாப்பது, முப்பத்தஞ்சு. பின்னாடி சோத்துக்கைப் பக்கம்ங்க, அதுதான் குறையுது.” கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. சக்கரக் கணக்கு முடிந்ததும் வீட்டுக் கதை, தங்கச்சி வீட்டுக் கதை, அடுத்த வீட்டு நாயின் கதை என்று திரும்பி வரும்வரை ஓடும். அவனுக்கு நாளில் பிடித்த நேரம் அதுதான். வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அதை ஒருநாள் அவள் நிறுத்திவிட்டாள்.

“கழுத்து வலிக்குதுங்க. ஸ்கேனர சீட்டுல வெச்சிக்கிட்டு நீங்களே போயிட்டு வாங்க.”

ஒரு வாரம் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தான். மாதங்கள் போயின. கழுத்தில் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக்கொண்டு ஆபீசில் உட்கார்ந்திருப்பாளே தவிர வண்டியில் ஏறமாட்டாள். ஏறினால், சொந்த வண்டியில் கடைக்குப் போய் வர மட்டும்தான், அதுவும் வேறு வழியில்லை என்றால். அந்த வண்டியில் வேறு ஒரு தொல்லை. அவள் உட்காரும் பக்கம் கால்மிதி விரிப்பில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. எலி என்று முடிவு கட்டிப் பொறி வைத்தான். எலி விழவில்லை. இடத்தை மாற்றி வைத்தான். அப்போதும் விழவில்லை. ஓட்டை மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று. “கில்லாடி எலியா இருக்கும்போல” என்று அவளிடம் சொன்னான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் கேக்குக்காரர் வந்து சேர்ந்தார்.

மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டையில் அங்கங்கே மாவு. அடுக்கு வைத்த கேக்குகளைச் செய்து, தன் பழைய காரில் தானே கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். பின்சீட்டில் ஒரு பாதியை மடித்துப் பலகை போட்டிருந்தார். கதவைத் திறந்ததும் ஒர்க்‌ஷாப்பின் எண்ணெய் நாற்றத்தையெல்லாம் மீறி வெனிலா வாசனை அடித்தது.

“ஏபிஎஸ் விளக்கு எரியுது. நிறுத்தப் போற கடைசி நிமிஷத்துல பிரேக் மிதி கரகரங்குது. வண்டி ஒரு முழம் முன்னாடி போயி நிக்குது. மேல் அடுக்கு சரிஞ்சிடுது, மேடம்.”

மேடம்! ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். நரைத்த கிழவர்கள்கூட அக்கா என்பார்கள். இந்த ஆள் மட்டும் மேடம் என்கிறானே, அதென்ன மேடம்?

அவள் ஸ்கேனரை மாட்டினாள். முன் இடது சக்கரத்தின் சென்சார் போய்விட்டது என்று வந்தது. சுலபமான வேலை. அவன் சக்கரத்தைக் கழற்றி, பழைய சென்சாரைப் பிடுங்கினான். கேக்குக்காரர் ஆபீசில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து சிரிப்புச் சத்தம். அவளுடைய சிரிப்பு. இவன் காது அங்கே போய்விட்டது. கை மட்டும்தான் இங்கே வேலை பார்த்தது. அப்படி என்ன சொல்லிவிட்டான் இந்த மாவு மூட்டை? புதுச் சென்சாரைத் துளைக்குள் சொருகி, போல்ட்டை முறுக்கி, சக்கரத்தை மாட்டிவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் ஆபீசுக்குள் நுழைந்தான்.

“என்ன சிரிப்பு?”

“கல்யாணப் பொண்ணு ஒருத்தி கேக்குல தன் பேரத் தப்பா எழுதிட்டாங்கன்னு அழுதாளாம். பாத்தா அது மாப்பிள்ளையோட பழைய சிநேகிதி பேராம். அவன்தான் எழுதிக் கொடுத்திருக்கான்!” என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கு அணைந்துவிட்டது, கேக்குக்காரர் போய்விட்டார், விட்டது சனி என்று இருந்தான்.

விடவில்லை. அடுத்த வாரமே வந்தார். கையில் ஒரு சின்ன கேக் பெட்டி.

“விளக்கு எரியல. ஆனா அந்தக் கரகரப்பு இன்னும் இருக்குங்க.”

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மூன்று சிக்னலில் நச், நச், நச். கல் மாதிரி நின்றது. கரகரப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஸ்கேனரிலும் கோளாறு ஒன்றும் பதிவாகவில்லை.

“வண்டி நல்லாத்தான் இருக்கு” என்றான்.

அதற்கடுத்த வாரமும் வந்தார். மறுபடி கேக் பெட்டி. மறுபடி அவன் ஓட்டிப் பார்த்தான். மறுபடி ஒன்றுமில்லை. பக்கத்து டயர்க்கடைக்காரன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, “என்ன பிரேக்கு, கேக்கு வந்திருக்காரு போல? வாரம் தவறாம வர்றாரே, உன் மேல அவ்ளோ பிரியமா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணடித்தான். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற அவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா!

அன்றைக்கு முழுதும் கணக்குப் போட்டுப் பார்த்தான். வண்டியில் கோளாறு இல்லை. அதைத் தன் காலால் மிதித்துத் தெரிந்துகொண்டாயிற்று. கோளாறு இல்லாத வண்டியை ஒரு மனுஷன் வாராவாரம் எதற்கு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வருவான்? வண்டிக்காக வரவில்லை என்றால் வேறு எதற்காக? வேறு யாருக்காக? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவன் கண்ணுக்கு வெள்ளைச் சட்டை போட்டவனெல்லாம் பேயாகத் தெரிந்தான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அந்தக் கேக்கில் ஒரு துண்டை வெட்டி நீட்டினாள்.

“எனக்கு இனிப்பு வேணாம்.”

“எப்பலேர்ந்து?”

“இன்னைக்கிலேர்ந்து.”

அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தானே தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு வேறு தின்றாள். அவனுக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி வெளியே எறியலாம் போல இருந்தது.

அதற்கும் அடுத்த முறை கேக்குக்காரர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். மூன்று அடுக்குக் கேக் ஒன்று, மண்டப வாசலில், நிறுத்தும்போது சரிந்துவிட்டதாம். கேக் கேட்டிருந்தவர்கள் அவரைக் கண்டபடி பேசியிருக்கிறார்கள். “வேற எடத்துல காட்டுனா சிரிக்கிறாங்க மேடம். நீங்களாவது நம்புங்க. நான் ஓட்டுறப்ப வருது.”

“அப்ப நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து ஸ்கேனர்ல பாக்குறேன்” என்றாள் அவள்.

ஜாக்கியின் கைப்பிடி அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

“கழுத்து வலின்னியே?”

“பரவால்லங்க. பக்கந்தானே.”

புருஷன் வண்டியில் ஏறக் கழுத்து வலி. அடுத்தவன் வண்டியில் ஏறப் பரவாயில்லை! கேக்குக்காரர் எதிரில் எதுவும் சொல்ல முடியவில்லை. அவள் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போய் முன்சீட்டில் உட்கார்ந்தாள். கார் தெருமுனையில் திரும்பியது. அவன் அதே இடத்தில் நின்றான். கழற்றிப் போட்ட பிரேக் பேடை எடுத்து ஏற்கெனவே துடைத்ததை மறுபடி துடைத்தான். டயர்க்கடைக்காரன் வேலியில் முகவாயை வைத்துக்கொண்டு, “என்ன, உன்ன விட்டுட்டுப் போறாங்க?” என்றான்.

“டெஸ்டுக்குப் போறாங்கடா. உன் பஞ்சர் வேலையப் பாரு.”

பயம் இதுதான்: அவள் மனசு தன்னை விட்டு மெல்ல நழுவுகிறது. கழுத்து வலி என்று தொடங்கி, பக்கத்து சீட்டிலிருந்து நழுவி, பேச்சிலிருந்து நழுவி, இப்போது தெருமுனையும் தாண்டிவிட்டது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. பெயர் வைக்காவிட்டால் மட்டும் குறைந்துவிடுமா என்ன!

கார் திரும்பி வந்தது. வந்ததும் அவன் கண் நேராக அவள் இறங்கும் கதவுக்குப் போயிற்று. அவள் கதவைத் திறந்தாள். இறங்கவில்லை. குனிந்து, காலால் கீழே எதையோ துழாவினாள். செருப்பு. இரண்டு செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு, சொந்த வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்து வந்திருக்கிறாள்!

“கெடச்சிடுச்சுங்க!” என்று ஸ்கேனரைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. “இங்க பாருங்க கோட்ட. நாலு சக்கரமும் சேந்து எறங்குது. இருபது, பதினஞ்சு, பத்து. பத்துக்குக் கீழ வந்ததும் முன் இடது மட்டும் பட்டுன்னு பூஜ்யம். மத்த மூணும் நடக்கும்போது அது மட்டும் உக்காந்துடுது. சக்கரம் பூட்டிக்கிச்சுன்னு நெனச்சி ஏபிஎஸ் வேலை செய்யுது. வேகமா சுத்துறப்ப சென்சாருக்கு நல்லாத் தெரியுது, மெதுவா சுத்துறப்பதான் தெரியல.”

“நான் ஓட்டுறப்ப ஏன் வரல?”

“நீங்க எங்கங்க மெதுவா போறீங்க? இருபதுலேர்ந்து பூஜ்யத்துக்கு ஒரே மிதி. அது கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள நீங்க நிறுத்திடுறீங்க. அவரு அப்படியில்ல. அவரு நிறுத்துறப்ப...” அவள் ஒரு நொடி தேடினாள். “நின்னதே தெரியலங்க. வெளியில மரத்தப் பாத்துத்தான் நின்னுட்டோம்னு தெரிஞ்சிக்கிட்டேன்.”

போதும். அந்த ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. இருபது வருஷமாக வண்டியை நிறுத்துவதையே பிழைப்பாக வைத்திருக்கிறவனிடம், மாவு பிசைகிறவன் நிறுத்துவதைப் பற்றிக் கட்டினவள் மெச்சுகிறாள்! வேறு எதையாவது மெச்சியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான். அழகாக இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம், நன்றாகப் பாடுகிறார் என்று சொல்லியிருக்கலாம். பிரேக்கைப் போயா!

“செருப்ப எதுக்குக் கழட்டுன?” என்றான்.

“என்னது?”

“அவன் வண்டியில செருப்ப எதுக்குக் கழட்டுனேன்னு கேக்குறேன்.”

அவள் தன் காலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “கழட்டுனேனா? எனக்கே தெரியாது. சவுகரியமா இருந்துச்சு, கழட்டியிருப்பேன்.” பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகத்தில் இருந்த மலர்ச்சி போய்விட்டது. “ஓ. அப்படியா போகுது கதை?”

“எந்தக் கதையும் போகல. நாளைக்கு அவன் கேக் கொண்டுபோறப்ப நானும் வரேன். என் கண்ணால பாக்கணும்.”

“கண்ணால பாருங்க. கால்ல மிதிச்சுப் பாத்தது போதும்” என்று சொல்லிவிட்டு அவள் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை மூவரும் கிளம்பினார்கள். கேக்குக்காரர் ஓட்டினார். அவள் முன்சீட்டில், மடியில் ஸ்கேனரோடு. இவன் பின்சீட்டின் மிச்சமிருந்த பாதியில், முழங்கால் முகவாயில் இடிக்க, ஒடுங்கிக்கொண்டு. பக்கத்துப் பலகையில் மூன்று அடுக்குக் கேக், அட்டைப் பெட்டிக்குள், மேல்மூடி இல்லாமல். “அண்ணன் கொஞ்சம் கையக் கொடுத்துப் பிடிச்சிக்கிட்டா நல்லாருக்கும்” என்றார் கேக்குக்காரர். காவல் காக்க வந்தவன் கேக்கைக் காக்க வேண்டியதாயிற்று.

முன்சீட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தான். செருப்பு இரண்டும் ஓரமாகக் கிடந்தன. அவள் ஒரு காலை மடித்துப் போட்டிருந்தாள். நேற்று அவ்வளவு பேச்சுக்குப் பிறகும்! வேண்டுமென்றே செய்கிறாள் என்று பல்லைக் கடித்தான். ஆனால் அவள் முகம் ஸ்கேனரில் இருந்தது. காலைப் பற்றிய நினைப்பே அவளுக்கு இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

முதல் சிக்னல் வெகு தூரத்தில் தெரியும்போதே கேக்குக்காரர் காலை எடுத்துவிட்டார். வண்டி தானாகத் தளர்ந்தது. பிறகு மிதியில் காலை வைத்தார், வைத்தாரோ இல்லையோ. இவன் மனசுக்குள், நிறுத்துய்யா, இப்ப நிறுத்து, என்று கத்திக்கொண்டிருந்தான். வேகம் குறைந்தது, குறைந்தது, நடக்கிற வேகத்துக்கு வந்தது. அப்போதுதான் வந்தது. கர்ர்ர்ர். தரையிலிருந்து அவன் உள்ளங்காலுக்கு ஏறியது. பிடித்திருந்த பிரேக் விட்டுப்போய், வண்டி வழுக்கினாற்போல முன்னால் போய், பிறகு நின்றது. மேல் அடுக்கு அவன் பக்கம் சாய்ந்தது. இரண்டு கையாலும் தாங்கினான். கட்டைவிரல் க்ரீமுக்குள் போய்விட்டது.

“வந்துச்சா?” என்றாள் அவள், திரும்பாமலே.

“ம்.”

“ம் ன்னா?”

“வந்துச்சு. முன் இடதுதான்” என்றான். பிரேக்கு வேறு என்ன சொல்ல முடியும்? அவன் கால் பொய் சொல்லாது.

கேக்குக்காரர் கண்ணாடியில் அவனைப் பார்த்து, உயிர் வந்தவர் போல, “அப்பாடா. அண்ணன் சொல்லிட்டாருல்ல, எனக்கு அது போதும்” என்றார். அதில் கேலி கொஞ்சமும் இல்லை. வெறுக்க ஒரு காரணம்கூடத் தராத மனிதரை எப்படித்தான் வெறுப்பது! அவர் மேல் இருந்த கோபம் அப்போது இரண்டு மடங்காயிற்று. மண்டபத்தில் இறக்கும்போது கட்டைவிரல் பட்ட இடத்தை அவர் ஒரு சர்க்கரைப் பூவை வைத்து மறைத்துவிட்டார்.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலையாகச் சக்கரத்தைக் கழற்றினான். கேக்குக்காரர் ஆபீசில் உட்கார்ந்தார். அவள் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். பல் வளையத்தைச் சுற்றிப் பார்த்தான். பல் ஒன்றும் உடையவில்லை, விரிசலும் இல்லை. சென்சார் போல்ட்டைக் கழற்றிப் பிடுங்கினான். அவன் மாட்டிய புதுச் சென்சார்தான், முனை பளபளவென்று இருந்தது. பிறகு அது உட்கார்ந்திருந்த துளையின் வாயைப் பார்த்தான்.

துரு. பழைய வண்டி, பல வருஷத்து மழைத் தண்ணீர். சென்சார் படிந்து உட்கார வேண்டிய இடத்தில் துரு செதில் செதிலாக ஏறி மேடு கட்டியிருந்தது. அந்த மேட்டின் மேல் சென்சார் ஒரு நகக்கனம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. நகக்கனம் போதும். பல் வளையம் வேகமாகச் சுற்றினால் தெரியும், மெதுவாகச் சுற்றினால் தெரியாது. புதுச் சென்சார் மாட்டுவதற்கு முன் அந்தத் துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுச் சுத்தம் செய்வது பாலபாடம். கண்ணைக் கட்டிவிட்டால்கூட அவன் மறக்காத வேலை அது.

மறந்திருக்கிறான். எப்போது மறந்தான் என்பதும் அவனுக்கு நன்றாக ஞாபகம் வந்தது. ஆபீசுக்குள்ளிருந்து அவள் சிரித்தபோது.

ஆக, கரகரப்பை மிச்சம் வைத்தது அவன். கேக்குக்காரரை வாராவாரம் வாசலுக்கு வரவழைத்தது அவன். கேக் பெட்டியும், மேடமும், அவள் அந்த முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், எல்லாம் அவன் சுரண்டாமல் விட்ட துருவிலிருந்து வந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் சுத்தமாகச் செய்து முடித்திருந்தான்.

டார்ச் வெளிச்சம் அந்தத் துருவின் மேலேயே அசையாமல் நின்றது. அவளுக்கும் தெரிந்துவிட்டது.

“அன்னைக்கு என்னங்க அவ்வளவு அவசரம்?” என்றாள் மெதுவாக.

அவன் வயர் பிரஷை எடுத்துத் தேய்த்தான். துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உப்புத்தாளைச் சுருட்டித் துளைக்குள் விட்டுத் திருகினான். வெள்ளை இரும்பு தெரியும்வரை விடவில்லை. சென்சாரை வைத்து அழுத்தினான். இந்தமுறை அது அடிவரை போய் உட்கார்ந்தது.

“ஓட்டிப் பாக்கணும்” என்றான். “மெதுவா நிறுத்திப் பாக்கணும். நீயும் வந்தா நல்லாருக்கும். ஸ்கேனர் பாக்க ஆள் வேணும்.”

“கழுத்து...”

“மெதுவா ஓட்டுறேன்.”

அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் வந்து ஏறினாள்.

தெருமுனை தாண்டியது. சிக்னல் தூரத்தில் தெரிந்தது, சிவப்பு. அவன் காலை எடுத்தான். எவ்வளவு முன்னால் எடுத்தான் என்றால், பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும். மிதியில் காலை வைத்தான். இருபது வருஷப் பழக்கம் அழுத்து அழுத்து என்றது. முட்டையின் மேல் வைப்பது போல வைத்தான்.

“இருபது, இருபது, இருபது, இருபது” என்று அவள் வாசித்தாள். “பத்து. எட்டு. அஞ்சு. நாலும் சேந்து வருதுங்க. மூணு. ஒண்ணு.” பிறகு, “பூஜ்யம்.”

கரகரப்பு இல்லை. வண்டி எப்போது நின்றது என்று அவனுக்கே தெரியவில்லை. அவனுக்குள் ஏதோ குதித்தது. இப்போது சொல்லுவாள், அந்த வார்த்தையை இப்போது தன்னிடம் சொல்லுவாள் என்று ஆசையாக அவள் பக்கம் திரும்பினான்.

அவள் ஒரு கையால் கதவின் மேல்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. அவன் கண் கீழே போயிற்று. செருப்பு இரண்டும் காலில் இருந்தன. வலது கால் நீண்டு, குதிகால் தரையில் புதைய, முழு பலத்தோடு விரிப்பை மிதித்துக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் எதுவும் இல்லை. இருப்பது போல மிதித்துக்கொண்டிருந்தது.

“என்ன பண்ற?” என்றான்.

“எது?”

“கால வெச்சு.”

அவள் குனிந்து பார்த்தாள். தன் காலையே இப்போதுதான் பார்ப்பவள் போலப் பார்த்தாள். “மிதிக்கிறேனா? தெரியலங்க. உங்க பக்கத்துல உக்காந்தா அதுவா மிதிக்கும். எப்பவும் அப்படித்தான். கழுத்து வலிகூட அதனாலதான்னு டாக்டர் சொன்னாரு. நீங்க போடுற ஒவ்வொரு பிரேக்குக்கும் நானும் போடுறேனாம்.”

“சொல்லவே இல்லையே.”

“எத்தனையோ தடவ மெதுவாங்க, மெதுவாங்கன்னேன். அது சொன்னதுல சேராதா?”

அந்த வார்த்தையை அவன் காது ஹாரன் சத்தத்தோடு சேர்த்துத் தள்ளிவிட்டிருந்தது. பிறகு ஒன்று உறைத்தது.

“நம்ம வண்டியில, விரிப்புல அந்த ஓட்டை...”

அவள் சிரித்துவிட்டாள். ஆபீசுக்குள்ளிருந்து வந்த அதே சிரிப்பு. “எலிக்குப் பொறி வெச்சீங்களே! சொல்லலாம்னுதான் நெனச்சேன். எலின்னு அவ்வளவு உறுதியா நிக்கிற மனுஷன்கிட்ட என்னத்தச் சொல்றது?”

அவனும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. ரப்பர் விரிப்பு அது, கனமான ரப்பர். அதைத் துளைக்க ஒரு குதிகால் எத்தனை முறை பயந்திருக்க வேண்டும்! டெஸ்டுக்குப் போன வண்டிகளிலும், பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக் கதையும் நாய்க் கதையும் சொல்லிக்கொண்டே அவள் கீழே அதைச் செய்துகொண்டிருந்தாள். அவனுக்கு நாளில் பிடித்த நேரத்தில்.

பச்சை விழுந்தது. மெதுவாக எடுத்தான்.

“எங்கங்க போறீங்க? ஒர்க்‌ஷாப்புக்கு இங்க திரும்பணும்ல? திரும்பாமப் போறீங்களே.”

“இன்னொரு ரவுண்டு.”

“நாலும் சரியா வருதே. அவரு வேற அங்க காத்துக்கிட்டு இருப்பாரு.”

“இருக்கட்டும்” என்றான். அதில் கொஞ்சம் பழைய எரிச்சலும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

அந்தப் பெரிய சாலையில் சிக்னல்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் சிவப்பாக இருக்க வேண்டுமே என்று வாழ்நாளில் முதல்முறையாக வேண்டிக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் வெகு தூரத்திலேயே காலை எடுத்தான். பைக்கில் எதிரே வந்த டயர்க்கடைக்காரன், “என்ன பிரேக்கு, பிரேக்கு புடிக்கலியா?” என்று கத்திவிட்டுப் போனான். இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் வாசித்துக்கொண்டே வந்தாள். பத்து, எட்டு, அஞ்சு, மூணு. நடுவில் தங்கச்சி வீட்டுக் கதை ஒன்றைத் தொடங்கினாள்.

கடைசி சிக்னலில் நின்றபோது அவன் மறுபடி கீழே பார்த்தான். கால் கொஞ்சம் தளர்ந்தாற்போல இருந்தது. கேக்குக்காரருக்கு ஒரு சிக்னல்கூடத் தேவைப்படவில்லை என்று நினைத்தபோது அவன் நெஞ்சில் சுருக்கென்றது. செருப்பு இரண்டும் காலிலேயே இருந்தன.